ஒளிபுகும் பல் உறை: பலன் முழுமையாகக் கிடைக்கத் தவிர்க்க வேண்டிய பிழைகள்

கோவில் அன்னதானத்தில் இலைக்கு முன் அமரும் இளையோர் சிலர், வாயிலிருந்து கண்ணாடி போன்ற ஒன்றைக் கழற்றி, மெல்லிய தாளில் சுற்றி, இலைக்குப் பக்கத்தில் வைப்பதை இப்போதெல்லாம் காண முடிகிறது. சாப்பாடு முடிந்ததும் இலை மடிக்கப்படுகிறது. சில வேளைகளில் அந்தப் பொட்டலமும் இலையோடு சேர்ந்து குப்பைப் பைக்குள் போய்விடுகிறது. பின்னர் பெற்றோரும் தொண்டூழியர்களும் எச்சில் இலைகளைக் கிளறித் தேட வேண்டி வருகிறது.

அவர்கள் தேடுவது "அலைனர்" எனப்படும் ஒளிபுகும் பல் உறை. கோணல் பற்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசைப்படுத்தும் மருத்துவக் கருவி இது. முன்பெல்லாம் பல்லைச் சீர்படுத்துவது என்றாலே கம்பி கட்டுவதுதான் நம் நினைவுக்கு வரும். 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி என்னும் நிறுவனம், கணினியின் துணைகொண்டு ஒவ்வொருவர் வாய்க்கும் ஏற்ற பிளாஸ்டிக் உறைகளை வரிசையாகச் செய்யும் முறையைக் கொண்டு வந்தது. 1998-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி அளித்தது. இன்று பல நிறுவனங்கள் இத்தகைய உறைகளைத் தயாரிக்கின்றன. மலேசியாவிலும் பல தனியார் பல் மருத்துவ நிலையங்களில் இச்சிகிச்சை கிடைக்கிறது.

இதற்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவாகும். பல குடும்பங்கள் மாதத் தவணையில் கட்டுகின்றன. அவ்வளவு செலவு செய்தும் சிலருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. கருவி பழுதாக இருப்பதைவிட, அதைப் பயன்படுத்தும் முறையில் நேரும் சிறு சிறு பிழைகளே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. அப்பிழைகள் எவை, அவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதைப் பெற்றோர்களும் இளையோரும் அறிந்துகொள்வது நலம்.

பல் எவ்வாறு நகர்கிறது?

பல் தாடை எலும்பில் நேராகப் பதிக்கப்பட்ட ஆணி அன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய தசைநார்ப் படலம் ஒன்று உண்டு. பல்லின் மீது மிதமான அழுத்தம் தொடர்ந்து இருந்தால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. எதிர்ப் பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இவ்வாறு பல் தன் இடத்தை மாற்றிக்கொள்கிறது.

ஓர் உறை ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அளவுக்கே நகர்த்தும்படி செய்யப்படுகிறது. அந்த வேலை முடிந்ததும் அடுத்த உறைக்கு மாற வேண்டும். ஒவ்வோர் உறையையும் 7 நாள் முதல் 14 நாள் வரை அணிய வேண்டும் என்று மருத்துவர் குறித்துக் கொடுப்பார். படிக்கட்டில் ஏறுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய சிகிச்சை இது. ஒரு படியில் கால் ஊன்றாமல் அடுத்த படிக்குத் தாவ முடியாது.

கம்பி கட்டினால், மருத்துவர் கட்டியது கட்டியபடி 24 மணி நேரமும் வேலை செய்யும். உறையை நாமே கழற்றலாம், நாமே மாட்டலாம். அதன் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். உறை வாயில் இருக்கும் நேரம் மட்டுமே சிகிச்சை நடக்கும் நேரம். டப்பாவில் இருக்கும் உறை எந்தப் பல்லையும் நகர்த்துவதில்லை. காப்புக் கட்டி விரதம் இருப்போர் அறிவர்: காப்பு அவிழ்க்கும் நாள் வரை விரதம் விரதமே. இடையில் வசதிப்பட்டபோது விட்டுவிட்டு, மறுபடி தொடங்குவது கிடையாது. உறைச் சிகிச்சைக்கும் அத்தகைய நேமம் வேண்டும்.

முதல் பிழை: தகுதியற்றவரிடம் தொடங்குவது

பிழைகளுள் பெரியது சிகிச்சை தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. விலை மலிவு என்பதற்காக அழகு நிலையங்களிலும் சமூக ஊடக விளம்பரங்கள் வழியாகவும் பல் கம்பியோ உறையோ வாங்குவோர் இருக்கின்றனர். 2017-ஆம் ஆண்டில் மலாக்காவில், பல் மருத்துவம் படிக்காமலேயே பதிவு பெறாத நிலையம் நடத்திப் பிறருக்குப் பல் கம்பி பொருத்திய இளம்பெண் ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அவர் இணையக் காணொளிகளைப் பார்த்தே இத்தொழிலைக் கற்றுக்கொண்டதாக அப்போது செய்திகள் வெளிவந்தன.

வெளிநாட்டிலும் பாடம் உண்டு. ஸ்மைல் டைரக்ட் கிளப் என்னும் அமெரிக்க நிறுவனம், மருத்துவரை நேரில் காணாமலேயே அஞ்சல் வழியாக உறைகளை விற்று வந்தது. 2023 டிசம்பரில் அது கதவைச் சாத்தியது. சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் கேட்பாரின்றி நின்றனர். தவணையில் வாங்கியோர் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது.

ஆகவே, சிகிச்சை அளிப்பவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, அவ்வாண்டுக்குரிய தொழில் நடத்தும் சான்றிதழ் அவரிடம் உள்ளதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. தாடை அமைப்பிலேயே கோளாறு இருந்தால் பல் சீரமைப்பு நிபுணரிடம் செல்வதே சரி. எல்லாக் கோணல்களையும் உறையால் சரிசெய்ய இயலாது. சிலருக்குக் கம்பியும், மிகச் சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். இதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரே நம்பத்தக்கவர்.

மேலும், சொத்தைப் பல்லையும் ஈறு நோயையும் வைத்துக்கொண்டு உறை மாட்டத் தொடங்கக் கூடாது. எக்ஸ்-ரே படம் எடுத்து, சொத்தையை அடைத்து, ஈற்றைச் சுத்தம் செய்த பின்னரே பல்லை நகர்த்த வேண்டும். நோயுற்ற ஈற்றில் பல்லை நகர்த்தினால் எலும்பு மேலும் தேய்ந்து, பல் ஆடத் தொடங்கும்.

இரண்டாம் பிழை: மணிக்கணக்கு தவறுவது

உறையை நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும் என்பது பொதுவான விதி. 22 மணி நேரம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், கழற்றி வைக்க மீதமிருப்பது 2 மணி நேரம். காலை உணவுக்கு 20 நிமிடம், பள்ளி ஓய்வு நேரத்திற்கு 20 நிமிடம், மதிய உணவுக்கு 30 நிமிடம், மாலைத் தேநீருக்கு 20 நிமிடம், இரவு உணவுக்கு 30 நிமிடம் என்று கணக்கிட்டாலே 120 நிமிடம் தீர்ந்துவிடுகிறது. பல் துலக்கும் நேரத்தையும் இதற்குள்தான் அடக்க வேண்டும். நண்பர்களோடு மாமாக் கடையில் தே தாரிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

ஒருவர் நாள்தோறும் 16 மணி நேரம் மட்டுமே அணிகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 மணி நேரம் குறைகிறது. 14 நாளில் 84 மணி நேரம், அதாவது மூன்றரை நாள் இழப்பாகிறது. அந்த உறை செய்து முடிக்க வேண்டிய வேலை அரைகுறையாக நிற்கிறது. அதே நிலையில் அடுத்த உறையை மாட்டினால் அது பல்லில் சரியாகப் பொருந்தாது. மூன்று நான்கு உறைகளுக்குப் பிறகு பல்லுக்கும் உறைக்கும் இடையே வெளிப்படையாக இடைவெளி தெரியும். பிறகு வாயை மறுபடி அளவெடுத்துப் புதிய உறைகள் செய்ய வேண்டி வரும். காலமும் காசும் கூடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, சிறு தீனியைக் குறைத்து, உணவு நேரத்தை வரையறுத்துக்கொள்வதே. பிள்ளைகளுக்குச் சிறு குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, கழற்றிய நேரத்தையும் மாட்டிய நேரத்தையும் முதல் மாதம் மட்டுமாவது எழுதச் சொல்லலாம். பழக்கம் வந்த பின் குறிப்பேடு தேவைப்படாது.

மூன்றாம் பிழை: உறையோடு உண்பதும் குடிப்பதும்

உறையை அணிந்துகொண்டு சாப்பிடக் கூடாது. மென்றால் அது கீறல் விடும், உடையும். மஞ்சளும் குழம்பும் பட்டால் உறை மஞ்சளாகும். ஒளிபுகும் உறை என்று பெயர், ஆனால் கறி நிறத்தில் பல் தெரியும்.

இனிப்புப் பானம் இதைவிடக் கெடுதல் செய்யும். வாயில் ஊறும் உமிழ்நீர் பல்லைக் கழுவிக் காக்கும் இயல்புடையது. உறை மாட்டியிருக்கும்போது உமிழ்நீர் பல்லை எளிதில் அடைவதில்லை. அந்நிலையில் மைலோ, ரோஸ் சர்பத், பானகம், தே தாரிக் ஆகியவற்றைக் குடித்தால், சர்க்கரை உறைக்குள் தேங்கி மணிக்கணக்கில் பல்லை நனைத்துக்கொண்டே இருக்கும். நேராக்க வந்த பற்கள் சொத்தையாகிவிடும். காப்பி, தேநீர் போன்ற சூடான பானங்கள் உறையின் வடிவத்தையும் மாற்றக்கூடும். உறையோடு குடிக்கத் தக்கது குளிர்ந்த அல்லது சாதாரண வெறுந்தண்ணீர் மட்டுமே.

உண்டபின் பல் துலக்கிய பிறகே உறையை மாட்ட வேண்டும். துலக்க வசதி இல்லாத இடத்தில் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு மாட்டிக்கொண்டு, வீடு திரும்பியதும் துலக்கலாம். துலக்க முடியவில்லை என்பதற்காக மணிக்கணக்கில் உறையைக் கழற்றியே வைத்திருப்பது சரியன்று. வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்கள் சிகிச்சைக் காலத்தில் அதை விட்டுவிடுவது பல்லுக்கும் நல்லது, உடலுக்கும் நல்லது.

நான்காம் பிழை: கழுவும் முறையும் வைக்கும் இடமும்

சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சில தாய்மார்கள் உறையைக் கொதிநீரில் போட்டுவிடுகின்றனர். பால் புட்டியைச் சுடுநீரில் கழுவிய பழக்கம் இது. ஆனால் உறை வெப்பத்தால் வடிவமைக்கப்பட்ட பிளாஸ்டிக். சுடுநீர் பட்டால் வளைந்து, பயனற்றுப் போகும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டாலும் இதே கதிதான்.

மிருதுவான பல் தூரிகை கொண்டு, மணமில்லாத மிதமான திரவச் சோப்பும் குளிர்ந்த நீரும் சேர்த்துக் கழுவினால் போதும். சில பற்பசைகள் உறையின் மேல் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். அக்கீறல்களில் அழுக்குத் தங்கி நாற்றம் வரும். காலையிலும் இரவிலும் கழுவுவதோடு, கழற்றும் ஒவ்வொரு முறையும் நீரில் அலசுவது நல்லது.

வைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: அதற்கென்று கொடுக்கப்பட்ட டப்பா. மெல்லிய தாளிலோ கைக்குட்டையிலோ சுற்றினால் குப்பைக்குப் போகும். சட்டைப் பையில் வைத்தால் நசுங்கும். மேசை மேல் வைத்தால் வீட்டு நாய் கடித்துவிடும். பள்ளிப் பையில் ஒரு டப்பா, வீட்டில் ஒரு டப்பா, பெற்றோரின் கைப்பையில் ஒரு டப்பா இருப்பது நல்ல ஏற்பாடு.

உறை தொலைந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சும்மா இருந்துவிடவும் கூடாது. அன்றே மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டும். முந்திய உறையை மறுபடி அணியச் சொல்வதா, அடுத்ததற்கு மாறச் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்வார். இதற்காகவே, பயன்படுத்திய முந்திய உறையைக் கழுவி, எண் குறித்து எடுத்து வைக்க வேண்டும்.

ஐந்தாம் பிழை: சொந்த முடிவுகள்

"சீக்கிரம் முடிந்துவிடட்டும்" என்று உறைகளைக் குறித்த நாளுக்கு முன்பே மாற்றுவோர் உண்டு. எலும்பு தன் வேகத்தில்தான் மாறும். அவசரப்படுத்தினால் வலியும் பொருத்தமின்மையும்தான் மிஞ்சும். சிலர் இதற்கு நேர்மாறாக, புதிய உறையில் வலி வந்ததும் கழற்றி வைத்துவிடுகின்றனர். புதிய உறையை மாட்டிய முதல் இரண்டு மூன்று நாள் இறுக்கமும் இலேசான வலியும் இயல்பே. இரவு படுக்கும் முன் மாற்றினால் அந்த வலியின் பெரும்பகுதி தூக்கத்தில் கழிந்துவிடும்.

உறை பிடித்து நிற்பதற்காகச் சில பற்களில் பல் நிறத்திலேயே சிறு புடைப்புகளை மருத்துவர் ஒட்டுவார். அவற்றில் ஒன்று விழுந்துவிட்டால், "சின்னதுதானே" என்று விடாமல் தெரிவிக்க வேண்டும். ரப்பர் வளையம் கொடுத்திருந்தால் அதையும் சொன்னபடி மாட்ட வேண்டும். கடிப்பதற்கு மிருதுவான சிறு உருளை கொடுத்திருந்தால், உறை மாட்டிய ஒவ்வொரு முறையும் சில நிமிடம் கடித்து, உறையைப் பல்லோடு நன்றாக அமரச் செய்ய வேண்டும்.

உதடு வீங்குதல், வாயில் தடிப்பு, மூச்சுத் திணறல் போன்றவை மிக அரிதாக ஏற்படலாம். அப்போது உறையைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திருவிழாக் காலத்தில் கவனம்

நம் சமூகத்தில் உறைச் சிகிச்சை தடம் புரளும் காலம் பெரும்பாலும் திருவிழாக் காலமே. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் வீட்டுக்கு வீடு முறுக்கும் பலகாரமும் கிடைக்கும். வேண்டாம் என்று சொல்வது மரியாதை அன்று. ஒவ்வொரு வீட்டிலும் உறையைக் கழற்றி மாட்டுவதும் நடவாது. இரண்டு மூன்று வீடுகளை ஒரே பொழுதில் முடித்துக்கொண்டு, மற்ற வீடுகளில் தண்ணீர் மட்டும் அருந்தி, பலகாரத்தைப் பையில் வாங்கிவந்து உணவோடு உண்ணலாம். உபசரிப்பவரும் பிள்ளைகளை வற்புறுத்தாமல் இருப்பது ஓர் உதவியாகும்.

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலை செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் சர்பத்தும் மோரும் வழங்குகின்றன. பத்துமலையில் 272 படிகள் ஏறி இறங்கும் பக்தர்களுக்கும் தாகம் எடுக்கும். பந்தல் நடத்தும் அன்பர்கள் இனிப்புப் பானத்தோடு வெறுந்தண்ணீரும் தனியாக வைத்தால், உறை அணிந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெரும் துணையாக இருக்கும்.

அலகு குத்திக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள், சில வாரங்களுக்கு முன்பே தம் பல் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். கன்னத்திலும் நாவிலும் அலகு இருக்கும்போது உறை வாயில் இருக்கக் கூடாது. அது கழன்று தொண்டைக்குள் போகும் அபாயம் உண்டு. அன்று கழற்றி வைப்பதால் நேரும் நேர இழப்பை ஈடு செய்ய, அந்த உறையை எத்தனை நாள் கூடுதலாக அணிவது என்று மருத்துவர் சொல்வார். அலகு எடுத்த பின் வாயில் புண் இருந்தால், உறையை மறுபடி எப்போது மாட்டலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

தேவார வகுப்பில் பாடும் பிள்ளைகள், உறை மாட்டிய முதல் சில நாள் சகரமும் ழகரமும் பிசகுவதைக் கண்டு வெட்கப்படுவது உண்டு. இதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் உறையைக் கழற்றினால் நாக்கு பழகவே பழகாது. வீட்டில் உறையோடு உரக்கப் பாடிப் பழகினால் சில நாளிலேயே உச்சரிப்பு திருந்திவிடும். ஆசிரியர்களும் இதை அறிந்து, அப்பிள்ளையிடம் பொறுமை காட்ட வேண்டுகிறோம்.

இறுதிப் பிழை: முடிந்தது என்று விட்டுவிடுவது

கடைசி உறை முடிந்ததும் பல் வரிசையாக இருக்கும். குடும்பமே மகிழும். அப்போதுதான் பலர் கவனத்தைக் கைவிடுகின்றனர். நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் நாரும் உறுதிப்பட மாதங்கள் பிடிக்கும். அதுவரை பல் பழைய இடத்திற்கே திரும்பப் பார்க்கும். இதைத் தடுப்பது "ரிட்டேய்னர்" என்னும் நிலைநிறுத்தும் உறை. தொடக்கத்தில் பெரும்பாலான நேரமும், பின்னர் இரவில் மட்டும் என்று மருத்துவர் குறிப்பிடும்படி இதை அணிய வேண்டும். வயது ஏற ஏறப் பல் சிறிது நகர்வது இயற்கை. ஆகவே இரவில் அணியும் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் தொடரச் சொல்வதே இன்றைய மருத்துவ வழக்கம். ரிட்டேய்னர் தேய்ந்தாலோ உடைந்தாலோ உடனே புதிது செய்துகொள்ள வேண்டும். அதற்கான செலவையும் தொடக்கத்திலேயே கேட்டறிந்து, சிகிச்சைச் செலவோடு சேர்த்துத் திட்டமிடுவது விவேகம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டாண்டு நேமம் என்பது எளிதன்று. "இவ்வளவு பணம் கட்டினோமே" என்று கடிந்துகொண்டால், பிள்ளை உறையைத் தொலைத்ததையும் உடைத்ததையும் மறைக்கத் தொடங்கும். மறைத்த ஒவ்வொரு நாளும் சிகிச்சை பின்வாங்கும். பயமின்றி வந்து சொல்லும் பிள்ளைக்கே சிகிச்சை நன்றாக முடியும். உறை போடும் முன், பிள்ளை மனமார இதற்கு ஒப்புக்கொள்கிறதா என்று கேளுங்கள். இன்னும் பொறுப்பு வரவில்லை என்று தோன்றினால், ஓராண்டு பொறுத்திருக்கலாமா, அல்லது கழற்ற முடியாத கம்பியே பொருத்தமா என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வதில் குறைவு ஒன்றுமில்லை.

இறைவன் தந்த உடலைப் பேணுவதும் ஒரு வழிபாடே என்பது நம் பெரியோர் காட்டிய நெறி. நம் பிள்ளைகள் நலமான பற்களோடும் மலர்ந்த முகத்தோடும் வாழ எல்லாம் வல்ல முருகப் பெருமான் அருள்புரிவாராக.